வலது கால் ஏழு நிமிஷம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைப் படக்காரர் என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். சினிமாப் படம் இல்லை, எலும்புப் படம். ஆபரேஷன் தியேட்டரில் அரைவட்டமாக வளைந்த எக்ஸ்ரே மெஷின் ஒன்று சக்கரத்தில் நிற்கும். அதை உருட்டி, சாய்த்து, டாக்டர் கேட்கும் கோணத்தில் நிறுத்தி, கேட்ட நொடியில் திரையில் படம் காட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். நான் அதே தியேட்டரில் பொறுப்பு சிஸ்டர். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னால் சொல்லத் தைரியம் கிடையாது.

முன்பெல்லாம் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தால் காலை நீளமாகத் திறந்துவிடுவார்கள். உடைந்த இடத்தைக் கண்ணால் பார்த்துச் சேர்த்து, தகடு வைத்து, வரிசையாகத் திருகு போட்டு, முழ நீளத்துக்குத் தையல். புண் ஆறவே மாதக்கணக்காகும். சீழ் பிடித்தால் அது தனிக் கதை. இப்போது அப்படி இல்லை. முட்டிச் சில்லுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, அது வழியாக எலும்பின் நடுக்குழிக்குள் நீளமான கம்பியை இறக்குகிறார்கள். மேலே இரண்டு திருகு, கீழே இரண்டு திருகு. அதற்கெல்லாம் சட்டைப் பித்தான் அளவுக்குத்தான் துளை. உடைந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அங்கே கட்டியிருக்கும் ரத்தமும் சுற்றியிருக்கும் சதையும் கலையாமல் இருந்தால் எலும்பு சீக்கிரம் கூடும். எல்லாம் நல்லதுதான். ஒரே சங்கடம், உடைந்த எலும்பை டாக்டர் கடைசிவரை நேரில் பார்ப்பதில்லை. படக்காரர் திரையில் காட்டுவதுதான் அவருக்குக் கண்.

அந்தக் கண்ணாக இருப்பதற்கு மனுஷன் நாள் முழுக்க, எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியைச் சுமக்கிறார். கழற்றினால் இரண்டு தோளிலும் பள்ளம் தெரியும். இடுப்பு வலி நிரந்தரம். எங்கள் டாக்டரம்மா குள்ளம், முக்காலி மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். அவர் "படம்" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் கால் பெடலை அழுத்தியிருப்பார். இரண்டு பேருக்கும் நடுவே வேறு பேச்சே தேவைப்படாது. டாக்டரம்மா வாயைத் திறக்காமல் தலையைச் சாய்த்தாலும் மெஷினும் அந்தப் பக்கம் சாயும்.

ஒரு காலத்தில் இவர் இருக்கும் இடத்தில் சிரிப்பு சத்தம் கேட்காமல் இருக்காது. ஆட்களைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுவார். பழைய பெரிய டாக்டர் தொண்டையைச் செருமுவது, ஸ்டோர்க்காரர் சாவிக்கொத்தை மோந்து பார்ப்பது, நான் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு அடுத்த நிமிஷமே மறந்த சாமானை எடுக்கத் திரும்பி வருவது, எல்லாம் அச்சு அசலாக வரும். என்னை நடித்தபோது நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் நிறுத்திவிட்டார். கெஞ்சிக் கேட்டாலும், "அதெல்லாம் விட்டாச்சு சிஸ்டர்" என்பார். ஏன் என்று கேட்டால் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பதினோரு வருஷம் எனக்குக் காரணம் தெரியாது. தெரிந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

அன்று காலைப் பட்டியலில் முதல் கேஸ், நாற்பத்தொரு வயது ஆண், இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே எலும்பு முறிவு. தெருத்தெருவாக நடந்து வீட்டு வாசலில் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. முந்தின நாள் மதியம் ரோட்டில் நின்றுபோன யாருடைய வேனையோ தள்ளி உதவியிருக்கிறார். பின்னால் வந்த கார் பிரேக் பிடிக்காமல் மோத, இரண்டு வண்டிக்கும் நடுவே கால் இரண்டும் மாட்டிக்கொண்டன. நல்லது செய்யப் போனவருக்கு இந்தக் கதி. இடது எலும்பு சுத்தமாக ஒரே கோட்டில் உடைந்திருந்தது. வலது எலும்பு நடுவில் நொறுங்கிப்போயிருந்தது.

தியேட்டர் வாசலில் படக்காரரின் மனைவி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஓடிவந்து கேட்டேன்.

"உங்க வீட்டம்மா எதுக்கு வெளியில அழுதுக்கிட்டு இருக்காங்க?"

அவர் ஈய அங்கியின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு முதல் கேஸ் அவ தம்பி."

"உங்க மச்சானா! அட ஆண்டவா, நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"என்னத்தச் சொல்றது? பேச்சு வார்த்தை இல்ல சிஸ்டர். பதினோரு வருஷமாச்சு. மாத்து ஆளைக் கேட்டேன், அவருக்குக் காய்ச்சலாம், லீவு. நான் பின்னால நின்னு படத்தைக் காட்டிட்டுப் போயிடறேன். முகத்துல மாஸ்க் இருக்கு, தலையில தொப்பி இருக்கு. அவனுக்குத் தெரியவே வேணாம்."

எனக்கு எரிச்சல் வந்தது. சொந்த மச்சான் இரண்டு காலும் உடைந்து கிடக்கிறான், இவருக்கு முகத்தை மறைப்பதுதான் கவலை. இரண்டு வார்த்தை நன்றாகக் கொடுத்திருப்பேன், அதற்குள் நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நோயாளி முழித்துக்கொண்டுதான் இருப்பார். மார்புக்கு மேலே ஒரு துணித் தடுப்பு கட்டிவிடுவோம், அந்தப் பக்கம் நடப்பது அவர் கண்ணில் படாது. காதில் மட்டும் விழும். மெலிந்த, அமைதியான ஆள். தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரிடம், "நான் மறுபடியும் நடப்பேன் இல்ல சார்?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். வீடு வீடாக நடந்து பிழைக்கிறவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? மூன்று தரமும் அந்த டாக்டர், "நடப்பீங்க, ஓடுவீங்க" என்றார்.

டாக்டரம்மா முக்காலியில் ஏறி இரண்டு காலையும் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "இதுதான் பிரச்சனை. ஒரு கால் மட்டும் உடைஞ்சா நல்ல காலைப் பார்த்துத் திருப்பத்தைச் சரியா வெச்சிடலாம். இங்க ரெண்டும் போச்சு. எதைப் பார்த்து வைக்கிறது?"

நான் இதை விளக்கியாக வேண்டும். கம்பியை உள்ளே இறக்கிய பிறகும் கீழ்த்துண்டு கம்பியைச் சுற்றி அப்படியும் இப்படியும் திரும்பும். கீழே திருகு போட்டால்தான் நிலைக்கும். திருகு போட்டபின் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதுதான் ஆயுசுக்கும். தப்பாக நிலைத்துவிட்டால் முட்டியும் கணுக்காலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒரு தெரு நடந்தாலே வலி எடுக்கும். மறுபடி எலும்பை அறுத்துத் திருப்ப வேண்டிவரும். எங்கள் டாக்டரம்மா இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். மல்லாக்கப் படுத்திருப்பவரின் முட்டிச் சில்லு நேராகக் கூரையைப் பார்க்கும்போது, பாதம் கடிகார முள் மாதிரி. நேராக நின்றால் பன்னிரண்டு. அதிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை நிமிஷக் கோடு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பெரும்பாலோருக்கு இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று.

"வழக்கமா வைக்கிற மாதிரி ரெண்டு காலுக்கும் ரெண்டு நிமிஷம் வெச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

மெஷினுக்குப் பின்னாலிருந்து படக்காரர் பேசினார். "வேணாம் மேடம். அவனுக்கு அப்படி இல்ல. ரெண்டு பாதமும் நல்லா வெளிய திரும்பியிருக்கும். வலது இன்னும் அதிகம்."

இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் டாக்டரிடம் வேணாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது. "உங்க வேலை படம் எடுக்கறது, அதைப் பாருங்க" என்று அதட்டினேன். நாக்கில் சனி என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது. "யாரு அது? அந்தக் குரல் யாருது?"

படக்காரர் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும். எங்க அக்கா புருஷன் குரல் எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா, அந்த ஆள் சொல்றதைக் கேக்காதீங்க! நான் நேராத்தான் நடப்பேன். எல்லாரையும் மாதிரி நேராத்தான் நடப்பேன். அந்த ஆளுக்கு என் காலைக் கேலி பண்றதே பொழைப்பு!"

மயக்க மருந்து டாக்டர் அவர் தோளைத் தட்டி, ரத்த அழுத்தம் ஏறுகிறது, அமைதியாக இருங்கள் என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சிஸ்டர், வெளிய அவங்க அக்கா இருக்காங்களா? இவர் எப்படி நடப்பார்னு கேளுங்க. நடக்கிற மாதிரி வீடியோ எதாவது ஃபோன்ல இருந்தா வாங்கிட்டு வாங்க. பழைய செருப்பு, ஷூ எது இருந்தாலும் சரி, தேய்ஞ்ச பக்கத்தைப் பார்க்கலாம்."

நான் ஓடினேன். அந்தம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"என் தம்பி நேராத்தான் நடப்பான். அவன் நடைக்கு என்ன குறை? யாரு கேக்கச் சொன்னா, என் வீட்டுக்காரரா? இன்னைக்குமா? இந்த நிலைமையிலயுமா?"

"கேலி இல்லம்மா. காலைச் சரியா வைக்கத்தான் கேக்கறாங்க. வீடியோ எதாவது இருக்கா?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வீடியோவா? பதினோரு வருஷமா ஒரு போட்டோவுக்கு நிக்க மாட்டேங்கறான் சிஸ்டர். எங்க போனாலும் எல்லாரும் முன்னால போகட்டும்னு கடைசியா நடந்து வருவான். அவன் பின்னால யாரும் வந்தா நின்னுடுவான்." ஷூவைக் கேட்டேன். மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினார். முந்தின நாள்தான் முதல் தடவை போட்ட புது ஜோடி, அடியில் விலை ஒட்டின தாள்கூடத் தேயவில்லை.

அங்கேயே நின்று, முழுக் கதையையும் நான்கு வரியில் கேட்டுக்கொண்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வீட்டுக்காரர்கள் படக்காரர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலகலப்பாக இருந்தபோது, படக்காரர் ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார். யாரோ, "மாப்பிள்ளையைச் செஞ்சு காட்டுங்க" என்றார்கள். மனுஷன் எழுந்து கூடத்துக்குக் குறுக்கே இரண்டு தடவை நடந்தார், அவ்வளவுதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்தான் அதிகம் சிரித்தாள். தம்பி தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அடுத்த வாரம் பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதன் பிறகு தம்பி கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் தம்பியின் நடையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அந்தம்மா சட்டம் போட்டுவிட்டார். அவரும் தம்பி நேராகத்தான் நடக்கிறான் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நம்பியே விட்டிருந்தார்.

உள்ளே வந்து, "நேராத்தான் நடப்பாராம் மேடம். வீடியோ இல்ல. ஷூ புதுசு" என்றேன். படக்காரர் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா இடது காலின் படத்தை ஒருமுறை பார்த்தார். "சரி. இடது சுத்தமா உடைஞ்சிருக்கு. முதல்ல அதை எடுப்போம். எலும்பே சொல்லட்டும்."

இடது காலில் கீறல் போட்டார். கம்பி இறங்கியது. சுத்தியல் தட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சான், "என் கால்தானே அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி இறங்கியதும் டாக்டரம்மா பாதத்தை இரண்டு நிமிஷத்தில் நிறுத்தி, "படம்" என்றார். திரையில் எலும்பு வந்தது. மேல்துண்டின் சுவர் தடிமனாக இருந்தது, அதற்குக் கீழே வந்து சேர்ந்த சுவர் மெலிசாக இருந்தது. வேறு வேறு குழாயை ஒட்டவைத்த மாதிரி. எலும்பைச் சுற்றிச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது, ஆகவே திருப்பம் தப்பினால் இப்படித்தான் காட்டும்.

"மூணு நிமிஷம். படம்." பொருந்தவில்லை.

"நாலு. படம்." கொஞ்சம் நெருங்கியது.

"அஞ்சு. படம்."

இரண்டு சுவரும் ஒரே கோடாகச் சேர்ந்து நின்றன. நான் ஈய அங்கியோடு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. டாக்டரம்மா மூச்சை விட்டார். "இடது அஞ்சு நிமிஷம். படக்காரர் சொன்னது சரி." கீழே இரண்டு பித்தான் துளை போட்டுத் திருகுகளை ஏற்றினார்.

வலது காலிலும் கம்பி இறங்கியது. அங்கேதான் சிக்கல். எலும்பு நொறுங்கி நடுவில் துண்டு துண்டாகக் கிடந்ததால் சுவரோடு சுவரைப் பொருத்திப் பார்க்க வழியில்லை. எத்தனை நிமிஷத்தில் வைத்தாலும் படம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

"இடது மாதிரியே அஞ்சு வெச்சிடலாமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. கேட்டது படக்காரரை.

"இல்ல மேடம். வலது ஏழு."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"எங்க தெரு மீட்டரும் அவன்தான் பாக்கறான். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருவான். கேட்டுக்குப் பக்கத்துல மீட்டர் குழியில எப்பவும் தண்ணி நிக்கும். அதுல கால் வெச்சுக் குறிச்சுட்டு, தலை நிமிராம போயிடுவான். நான் மாடியில நின்னு பாப்பேன். கூப்பிடணும்னு நெனப்பேன், வாய் வராது. அவன் போனப்புறம் கீழ எறங்கி வருவேன். சிமெண்டுத் தரையில ஈரக் கால் தடம் இருக்கும், கேட்டுலருந்து ரோடு வரைக்கும். காயற வரைக்கும் அதைப் பாத்துக்கிட்டு நிப்பேன் மேடம். பதினோரு வருஷம். வலது தடம் எப்பவும் இடதை விட வெளிய இருக்கும்."

எனக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. சற்றுமுன் அதட்டினேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் டாக்டரம்மா உருகுகிற ஜாதி இல்லை. "தடம் வெளிய இருந்தா இடுப்புலருந்தே கால் திரும்பியிருக்கலாம். எனக்கு முட்டிக்குக் கீழ எவ்வளவுன்னுதான் வேணும். முட்டி எங்க பாக்கும், பாதம் எங்க பாக்கும்? நடந்து காட்டுங்க."

படக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். பதினோரு வருஷமாக யாரையும் நடித்துக் காட்டாத மனுஷன். நெற்றியில் வேர்வை வழிந்தது. நான் துடைக்கப் போனேன், கையை விலக்கினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சானின் குரல் கசப்பாக வந்தது. "காட்டுங்க மாமா. அதான் உங்களுக்கு நல்லா வருமே."

தலைமாட்டுப் பக்கம்தான் நடக்க இடம் இருந்தது. அவர் சுவரோரமாகப் போய் நின்று, ஈய அங்கியோடு மெதுவாக நடந்தார். முட்டி இரண்டும் நேராக முன்னால் பார்த்தன. இடது பாதம் வெளியே, வலது பாதம் அதைவிட வெளியே. ஒவ்வொரு அடியிலும் வலது குதிகால் முதலில் ஓரமாகப் பட்டு, பிறகுதான் பாதம் இறங்கியது. ஒரு மனுஷன் களைத்துப்போய் வீட்டுக்கு நடந்து போகிற நடை. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

மச்சான் தலையைப் பக்கவாட்டில் திருப்பி அந்த நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு இப்படி இல்லையே."

படக்காரர் நின்றுவிட்டார்.

"அன்னைக்கு இன்னும் கோணலா நடந்தீங்க. வாத்து மாதிரி நடந்தீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதைத்தான் நான் ராவும் பகலும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னைக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு அளவு வேணும். இப்ப காட்டினது நிஜமா, அப்ப காட்டினது நிஜமா? திருகு போட்டா மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

படக்காரருக்குத் தப்பிக்க இடமில்லை. சின்னதாகச் சொன்னால் மச்சானின் பாதம் உள்ளே திரும்பி நிற்கும். பெரிதாகச் சொன்னால் வெளியே பிடுங்கிக்கொண்டு நிற்கும். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் தான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

"இதுதான் நிஜம் மேடம்" என்றார் படக்காரர். "வலது ஏழு. அன்னைக்கு நான் பத்து காட்டினேன். மூணு நிமிஷம் நானா சேத்தது." மச்சான் பக்கம் திரும்பினார். "மொதல் தடவை சரியாத்தான்டா நடந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்னு ரெண்டாவது தடவை சேத்து நடந்தேன். உன் நடை அவ்வளவு மோசம் இல்ல. நான்தான் மோசமாக்கினேன். தப்புடா. பெரிய தப்பு."

மச்சான் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் ஒரு சொட்டு இறங்கிக் காதுப்பக்கம் போனது. மயக்க மருந்து டாக்டர் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

டாக்டரம்மாவின் குரல் இப்போது கொஞ்சம் தணிந்திருந்தது. "தம்பி, உங்க கால். நீங்க சொல்லுங்க. அஞ்சு வைக்கட்டுமா, ஏழு வைக்கட்டுமா?"

"நான் என் நடையைப் பாத்ததே இல்லைம்மா" என்றார் மச்சான். "இப்பதான் பாத்தேன். அவர் சொல்றபடி ஏழே வைங்க."

ஏழு வைத்தார். டாக்டரம்மா பாதத்தைப் பிடித்திருக்க, முட்டிச் சில்லு நேராக மேலே பார்க்கிறதா என்று படக்காரர் ஒருமுறைக்கு இரண்டு முறை படம் எடுத்துக் காட்டினார். திருகு ஏறியது. அன்று பட்டியலில் இருந்த அடுத்த மூன்று கேஸுக்கும் படக்காரரே நின்றார். வெளியே போய் மனைவியிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார். கோழை என்று திட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் வார்டில் இரண்டு பேரும் பேசியதை நான் கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டு மாற்றுகிற சாக்கில் திரைக்குப் பின்னால் நின்றேன். படக்காரர் கட்டில் பக்கம் சும்மா நின்றிருந்தார். மச்சான்தான் ஆரம்பித்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். நான் அன்னைக்கே வந்து உங்க சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருந்தா, சேத்து நடந்தேன்னு ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

படக்காரர் தலையை ஆட்டினார். "மாட்டேன். தமாஷுக்குடான்னு மழுப்பியிருப்பேன்."

"பாத்தீங்களா! உங்க வாயிலருந்து ஒரு நிஜம் வர எனக்கு ரெண்டு காலும் ஒடைய வேண்டியிருக்கு."

படக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். மச்சான் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் கோபம் போகல. அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சது போகல. நீங்க தப்புன்னு சொல்லிட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்று கேட்டார்.

"ஆகாது."

"அப்ப நாளைக்கும் வாங்க" என்று சொல்லி மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். வீட்டுக்கு அனுப்பிய பிறகு தினமும் டூட்டி முடிந்து மச்சான் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். முதல் மாதம் பாதி நாள் பேச்சே இல்லையாம். இவர் ஒரு நாற்காலியில், அவர் கட்டிலில். அந்தம்மா என்னிடம் ஃபோனில் சொல்லிச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது, சண்டையும் வந்தது. சண்டை வந்தபிறகுதான் எனக்கு நிம்மதி. முன்பு சண்டைகூட இல்லாமல் இருந்தார்களே.

நாலரை மாதம் கழித்து மச்சான் பரிசோதனைக்கு வந்தார். வாக்கர் போய், கைத்தடியும் போயிருந்தது. எலும்பு இரண்டு காலிலும் நன்றாகக் கூடியிருந்தது. தழும்பு என்று சொல்ல முட்டியில் ஒரு சின்னக் கோடும், கீழே புள்ளி புள்ளியாக நாலைந்தும்தான். டாக்டரம்மா அவரை நீண்ட வராந்தாவில் நடக்கச் சொன்னார். நான், படக்காரர், அந்தம்மா மூன்று பேரும் சுவரோரமாக நின்றோம். வராந்தா முழுக்க ஆட்கள், முறை வருவதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய ஆளாக இருந்தால் எல்லோரும் போகட்டும் என்று நின்றிருப்பார். இவர் யாரையும் பார்க்காமல் நடுவில் நடந்தார். இடது பாதம் வெளியே, வலது பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே. வலி இல்லாத நடை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இந்த நடையைப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டு உரக்கவே கேட்டார். "ஐயோ பாவம், ஆபரேஷன் தப்பாப் போச்சா தம்பி? பாதத்தைக் கோணலா வெச்சிட்டாங்களே!"

அந்தம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். படக்காரர் தரையைப் பார்த்தார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் மச்சானின் காலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் நின்றார். தன் இரண்டு பாதங்களையும் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தப்பா? சரியா அளந்து வெச்சிருக்காங்க பெரியவரே. இடது அஞ்சு, வலது ஏழு. எங்க மாமா சொன்ன அளவு. அவருக்குத்தான் என் கால் தெரியும்."

சொல்லிவிட்டு வராந்தாவின் கடைசிவரை நடந்து போனார். என் பக்கத்தில் நின்ற மனுஷன் ஈய அங்கியைக்கூடக் கழற்றாமல், பொது இடம் என்றும் பார்க்காமல் அழுதார். நானும்தான் அழுதேன், அதிலென்ன பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.